பொதுக் கழிப்பறைத் தடுப்புகள்: தனிமை, உறுதி, அவசரத் திறப்பு – நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

சுருக்கம்

உணவகம், திருமண மண்டபம், பேருந்து நிலையம், பெட்ரோல் பங்க், வணிக வளாகம், மருத்துவமனை ஆகிய பொது இடங்களில் ஒரு கழிப்பறை அறையை மற்றோர் அறையிலிருந்து பிரிக்கும் சுவர், பலகை, கதவு, தாழ்ப்பாள் ஆகியவை சேர்ந்ததே கழிப்பறைத் தடுப்பு எனப்படும். நலமாக உள்ளவருக்கு இது சிறிய வசதியாகத் தோன்றலாம். ஆனால் கருவுற்ற தாய்க்கும், நீரிழிவு நோயாளிக்கும், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவருக்கும், முதியவருக்கும் இத்தடுப்பின் தரம் உடல்நலத்தை நேரடியாகப் பாதிக்கும்.

நல்ல தடுப்பு மூன்று பணிகளைச் செய்ய வேண்டும்:

• உள்ளே இருப்பவரைப் பிறர் பார்வையிலிருந்து முழுமையாக மறைக்க வேண்டும்.
• தளர்ந்த ஒருவர் சாய்ந்தாலும் அசையாமல் தாங்க வேண்டும்.
• உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் வெளியிலிருந்து உடனே திறக்க இயல வேண்டும்.

இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டின் பயன் கெடும். இப்பக்கம் இம்மூன்றையும் விளக்குகிறது. நோயாளிகளும் உடனிருப்போரும் கழிப்பறையைப் பயன்படுத்துமுன் கவனிக்க வேண்டியவற்றையும், புதுக்கோட்டை மாவட்டத்தில் பொதுக் கழிப்பறைகளை அமைப்போரும் பராமரிப்போரும் கருத வேண்டியவற்றையும் இதில் காணலாம்.

தனிமை இல்லாத கழிப்பறையால் ஏற்படும் உடல்நலக் கேடுகள்

கதவு சரியாக மூடாத கழிப்பறையைக் கண்டவர் பெரும்பாலும் முறையிடுவதில்லை, பயன்படுத்தாமல் திரும்பிவிடுகிறார். சிறுநீரையும் மலத்தையும் அடக்கிக்கொள்கிறார். அடுத்த முறை வெளியே செல்லும்போது தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். மணமேல்குடியிலிருந்தோ பொன்னமராவதியிலிருந்தோ காலையில் பேருந்தேறி, முள்ளூரில் உள்ள புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளியாகக் காட்டிவிட்டு மாலையில் வீடு திரும்பும் ஒருவருக்கு, இது ஒரு பகல் முழுவதும் அடக்கிவைப்பதாக முடியலாம். இதனால் பின்வரும் பாதிப்புகள் ஏற்படலாம்:

• சிறுநீர்த் தொற்று: தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் சிறுநீரை நெடுநேரம் அடக்குவதும் தொற்றுக்கான வாய்ப்பைக் கூட்டும். பெண்கள், நீரிழிவு உள்ளோர், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டோர் ஆகியோர் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். கருவுற்ற காலத்தில் இத்தொற்று சிறுநீரகம்வரை பரவினால் தாய்க்கும் சேய்க்கும் தீங்கு நேரலாம்.
• மலச்சிக்கல்: மல உணர்வை மீண்டும் மீண்டும் அடக்கினால் மலம் இறுகும். மூலம், ஆசனவாய் வெடிப்பு ஆகியவை உள்ளோருக்கு வலி மிகும். அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும் இதய நோயாளிகளும் முக்கி மலம் கழிப்பதைத் தவிர்க்க வேண்டும்.
• மருந்து தவறுதல்: இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை உட்கொள்வோர், பயண நாளில் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவதுண்டு. இது ஆபத்தானது. மாத்திரை உட்கொள்ளும் நேரத்தை மாற்றலாமா என மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே மாற்ற வேண்டும்.
• சிறுநீர் வெளியேறாமை: பிராஸ்டேட் சுரப்பி வீக்கம் உள்ள முதியவருக்குச் சிறுநீர் வரத் தொடங்கவே நேரமாகும். கதவு எப்போது திறக்குமோ என்ற அச்சம் அதனை மேலும் தாமதப்படுத்தும். அவருக்கு அவசரமின்றி அமரக்கூடிய, தாழிட்ட அறை தேவை.
• மாதவிடாய்க் காலச் சிரமம்: அணையாடை மாற்றத் தனிமையும், பொருள்களை வைக்கத் தட்டும், மூடியுள்ள குப்பைக்கூடையும் இல்லையெனில், ஒரே அணையாடையை நெடுநேரம் பயன்படுத்த நேரிடுகிறது.

மறைத்தல்: பார்வை எங்கிருந்தெல்லாம் நுழைகிறது?

தடுப்பு அமைத்த பின்னும் தனிமை கிடைக்காமல் போவதற்குப் பலகைகளுக்கு இடையிலும் மேலும் கீழும் விடப்படும் இடைவெளிகளே பெரும்பாலும் காரணம். அமெரிக்காவில் பரவலாக உள்ள பலகைத் தடுப்புகளில் கதவின் கீழே ஏறத்தாழ ஓரடி இடைவெளியும், கதவுக்கும் தூணுக்கும் இடையே கீற்றுப் போன்ற இடைவெளியும் இருக்கும். விரைவாகப் பொருத்தவும் தரையைக் கழுவவும் எளிது என்பதால் அம்முறை நிலைத்தது. அதே அளவுகளை நம் ஊர்க் கழிப்பறைகளில் பின்பற்றுவது பொருந்தாது. குந்தி அமரும் இந்திய வகைக் கழிப்பறையில் உடல் தரைக்கு மிக அருகில் இருக்கும். எனவே கீழ் இடைவெளி பெரிதானால் தனிமை முற்றிலும் போய்விடும்.

கவனிக்க வேண்டிய இடங்கள்:

• கீழ் இடைவெளி: பலகைத் தடுப்புகளில் 150 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் இருப்பது நல்லது. தரையைக் கழுவவும், ஒருவர் விழுந்துகிடப்பதை அறியவும் இது போதும். இந்திய வகைக் கழிப்பறையெனில், பக்கத்து அறையோடு உள்ள தடுப்பு தரைவரை மூடிய சுவராக இருக்க வேண்டும்.
• மேல் விளிம்பு: தரையிலிருந்து 2000 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பக்கத்து அறையின் பீங்கான் மீதோ குழாய் மீதோ ஏறி எட்டிப் பார்க்க இயலும் இடங்களில் தடுப்பைக் கூரைவரை உயர்த்துவதே பாதுகாப்பு.
• பக்க இடைவெளி: கதவு மூடும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்போ மறைப்புப் பட்டையோ அமைத்தால் கீற்றுவழிப் பார்வை தடைபடும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பயன் மிகப் பெரிது.
• நுழைவாயில்: வெளிக்கதவு திறந்ததும் உள்ளறைகள் தெரியாதவாறு ஒரு மறைப்புச் சுவர் வேண்டும். கண்ணாடி மாட்டிய இடத்திலிருந்து அறையின் உட்புறம் பிரதிபலிக்கிறதா எனவும் பார்க்க வேண்டும்.
• ஒளி: ஒளி ஊடுருவும் நெகிழித் தகடுகளில், உள்ளே விளக்கு எரியும்போது நிழலுரு வெளியே தெரியும். ஆகவே இரவில் ஒரு முறை சோதிக்க வேண்டும்.

தடுப்பைக் கூரைவரை மூடினால், ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி விளக்கும் காற்றோட்டமும் தேவை. உயரத்தில் சாளரமோ காற்று வெளியேற்றும் விசிறியோ அமைக்காமல் மூடினால் அறை புழுங்கி, பூசணம் படரும். மூச்சுத்திணறல் உள்ளோருக்கு அது இடராகும்.

தாங்குதல்: அசையாத தடுப்பு எவ்வாறு அமைகிறது?

நோயாளி எழும்போது கைக்கு எட்டும் எதையும் பற்றுவார். தாழ்ப்பாளையும் கதவின் விளிம்பையும் பற்றுவார். பலகை மீது சாய்வார். முழங்கால் மூட்டு வலி உள்ளவரும், காய்ச்சலால் தளர்ந்தவரும், மகப்பேற்றுக்குப் பின் முதன்முறை எழுந்து செல்லும் தாயும் இவ்வாறே செய்வர். தடுப்பு ஆடினால் அவர் ஈரத் தரையில் விழுவார்.

பலகையின் தடிமன் மட்டும் உறுதியைத் தந்துவிடாது. அது எவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளது என்பதே முதன்மையானது.

• பலகைத் தடுப்புகளின் மேல் விளிம்பு முழுவதையும் ஒரே உலோகச் சட்டம் இணைத்து, அச்சட்டத்தின் இரு முனைகளும் சுவரில் பதிந்திருக்க வேண்டும்.
• தரையில் ஊன்றும் கால்கள் துருப்பிடிக்காத எஃகினாலோ கெட்டியான நைலானினாலோ அமைந்திருக்க வேண்டும். கழுவும் நீர் நாள்தோறும் படுவதால் இரும்புக் கால்களே முதலில் அரிக்கும்.
• உள்ளீடற்ற கல்லில் கட்டிய சுவரில் சாதாரணத் திருகாணி நிற்காது. சுவரை ஊடுருவும் மரையாணியோ அதற்குரிய பிடிப்பாணியோ தேவை.
• ஒவ்வொரு கதவிலும் மூன்று கீல்கள் இருப்பது நல்லது. இரண்டு கீல்களில் தொங்கும் கதவு நாளடைவில் சரிந்து, தாழ் அதன் துளையில் சேராமல் போகும். ‘தாழ் விழவில்லை’ என்ற குறைக்குக் கீல் தளர்வே பெரும்பாலும் காரணம்.

மிக முக்கியம்: தடுப்புப் பலகையைக் கைப்பிடிக் கம்பியாகக் கருதக் கூடாது. கைப்பிடிக் கம்பி கட்டுச்சுவரிலோ தனி உலோகச் சட்டத்திலோ பதிக்கப்பட வேண்டும். அமெரிக்காவின் அணுகல் தரம், கைப்பிடிக் கம்பி 250 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. வெறும் பலகையில் திருகிய கம்பி, நோயாளியின் எடை விழும் அந்த நொடியில் பெயர்ந்து வரலாம்.

எந்தப் பொருள் எங்கே பொருந்தும்?

புதுக்கோட்டை மாவட்டத்தின் நிலமும் நீரும் ஒரே தன்மையன அல்ல. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், மணமேல்குடி ஆகிய கடலோர ஊர்களில் உப்புக் காற்று இரும்பை விரைவில் அரிக்கும். உள்பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, கீலிலும் தாழிலும் வெண்படிவாகப் படியும். மரம் எங்கிருந்தாலும் கரையான் வரும்.

• செங்கல் சுவரும் டைல்ஸும்: மிக உறுதியானது, தனிமையும் ஒலித்தடுப்பும் சிறந்தவை. பிற்காலத்தில் அறையின் அளவை மாற்றுவது கடினம். கைப்பிடிக் கம்பி பதிக்க ஏற்றது. மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற மிகுபயன்பாட்டு இடங்களுக்குப் பொருந்தும்.
• கிரானைட் அல்லது கடப்பாக்கல் பலகை: நீராலும் கரையானாலும் கெடாது. எடை மிகுதி, ஆகவே தரையிலும் சுவரிலும் பள்ளம் வெட்டிப் பதிக்க வேண்டும். சுவரில் ஒட்டுப்பசையால் மட்டும் நிறுத்துவது ஆபத்து. விளிம்புகளை உருட்டித் தேய்த்திருக்க வேண்டும்.
• 12 மில்லிமீட்டர் கம்பாக்ட் லேமினேட் பலகை: நீர் புகாது; துடைப்பது எளிது. உணவகம், வணிக வளாகம், அலுவலகம் ஆகியவற்றுக்கு ஏற்றது. இதன் ஆயுள் பெரும்பாலும் கீல், கால், திருகாணி ஆகியவற்றின் தரத்தைப் பொறுத்தது.
• பி.வி.சி. கதவு: விலை குறைவு; துருவும் கரையானும் இல்லை. ஆனால் வெயில் படும் இடத்தில் நொறுங்கும். தாழ் பொருத்திய இடம் விரைவில் கிழியும். உள்ளே உலோகச் சட்டம் உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.
• பிளைவுட்: அடி விளிம்பு நீரை உறிஞ்சி உப்பும். நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைக்கு உகந்ததன்று.
• இரும்புத் தகடு: வண்ணப்பூச்சு உரிந்த இடத்திலிருந்து அரிக்கும், அரித்த விளிம்பு தோலைக் கிழிக்கும். கடலோரப் பகுதியில் தவிர்க்க வேண்டும்.

கடலோர ஊர்களில் கீல், தாழ், திருகாணி மூன்றையும் 316 தர எஃகிலோ நைலானிலோ அமைப்பது நீண்டகாலச் செலவைக் குறைக்கும். உட்பகுதிகளில் 304 தரம் போதுமானது.

திருமண மண்டபங்களும் பள்ளிகளும் பேரிடர்க் காலத்தில் முகாம்களாக மாறுவதுண்டு. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தையும் கடுமையாகப் பாதித்தது. அத்தகைய நாள்களில் சில மணி நேர விருந்துக்கெனக் கட்டிய கழிப்பறையைக் குழந்தைகளும், முதியோரும், கருவுற்ற தாய்மாரும் இரவு பகலாகப் பயன்படுத்த நேரிடும். மண்டபக் கழிப்பறையைத் திட்டமிடுவோர் இதனையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

திறத்தல்: தாழும் கதவும்

இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோருக்கு உட்கார்ந்து எழும்போது இரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்து தலை சுற்றலாம். முக்கி மலம் கழிக்கும்போதும், இரவில் நின்றபடி சிறுநீர் கழிக்கும்போதும் சிலருக்கு மயக்கம் வருவதுண்டு. இம்மயக்கம் தாழிட்ட சிறு அறைக்குள் நிகழ்கிறது. கதவு உள்நோக்கித் திறப்பதாக இருந்து, மயங்கியவர் அதன்மீதே சரிந்திருந்தால், வெளியில் உள்ளவர் கதவைத் தள்ளத் தள்ள அவரையே அழுத்துவார்.

இதனைத் தவிர்க்கும் வழிகள்:

• மருத்துவமனை, முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை ஆகியவற்றில் கதவு வெளிநோக்கித் திறக்க வேண்டும். இடம் இல்லையெனில் நகரும் கதவு அமைக்கலாம்.
• உள்நோக்கித் திறக்கும் பழைய கதவாயின், மேலே தூக்கினால் கழன்றுவரும் கீல்களைப் பொருத்தலாம்.
• வெளிப்புறத்தில் நாணயத்தைச் செருகித் திருப்பினால் திறக்கும் தாழ் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளே ஆள் உள்ளாரா என்பதைச் சிவப்பு, பச்சை நிறங்களால் காட்டும் தாழ் இருந்தால் கதவைத் தட்டவும் இழுக்கவும் தேவை இராது.
• தாழ் பெரியதாக, ஈரக் கையாலும் ஒரே கையாலும் நகர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். பக்கவாதம், மூட்டுவாதம், கைநடுக்கம் உள்ளோரால் சிறிய குமிழ்த் தாழைத் திருக இயலாது.
• வெளிப்புறத்தில் பூட்டும் கொண்டி இருக்கக் கூடாது. உள்ளே இருப்பவரை அறியாமல் அடைத்துவிட அது இடமளிக்கும்.

சக்கர நாற்காலி, வாக்கர், டிரிப் ஸ்டாண்டு: கூடுதல் தேவைகள்

சாதாரண அறைக்கு 900 மில்லிமீட்டர் அகலம் குறைந்த அளவாகும். ஆனால் அதில் நோயாளியும் உடனிருப்பவரும் சேர்ந்து நிற்க இயலாது. டிரிப் ஸ்டாண்டும் நுழையாது. எனவே ஒவ்வொரு வளாகத்திலும், பாலின வேறுபாடின்றிப் பயன்படுத்தத்தக்க பெரிய தனி அறை ஒன்றேனும் வேண்டும். தாயை அழைத்துவரும் மகனுக்கும், கணவரைத் தாங்கிவரும் மனைவிக்கும், மகளை அழைத்துவரும் தந்தைக்கும், திருநர்களுக்கும் அவ்வறை பெரிதும் உதவும்.

அவ்வறையில் இருக்க வேண்டியவை:

• 900 மில்லிமீட்டர் தடையற்ற அகலம் உடைய கதவு; வாசற்படி இல்லாத சமதளம்.
• சக்கர நாற்காலி திரும்ப ஏறத்தாழ 1500 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெற்றிடம்.
• மேற்கத்திய வகைப் பீங்கான். அதன் ஒரு பக்கம் சுவரில் பதித்த கம்பி, மறுபக்கம் மடக்கி உயர்த்தக்கூடிய கம்பி.
• தரையிலிருந்து 300 மில்லிமீட்டர், 900 மில்லிமீட்டர் ஆகிய இரு உயரங்களில் அவசர அழைப்புப் பொத்தான். கீழே உள்ள பொத்தான் தரையில் விழுந்தவருக்கானது. அதனைத் துடைப்பத்தாலோ வாளியாலோ மறைக்கக் கூடாது.
• சிறுநீர்ப் பையும் மலப்பையும் பொருத்தியோருக்குப் பொருள் வைக்கும் தட்டும் கொக்கியும், மூடியுள்ள குப்பைக்கூடை.

இவ்வறையைச் சாமான் அறையாகப் பூட்டிவைப்பது, அவ்வறை இல்லாததற்கு ஒப்பாகும்.

தூய்மைப்படுத்தும் முறை

கழிப்பறையில் பலரது கையும் படும் இடங்கள் தாழ், கதவின் கைப்பிடி, கைப்பிடிக் கம்பி, குழாய்த் திருகு ஆகியவையாகும். தரையைக் கழுவினாலும் இவற்றைத் துடைக்காவிடில் தொற்றுப் பரவல் தொடரும்.

• முதலில் சோப்பு நீரால் அழுக்கை அகற்றி, பின்னர் கிருமிநீக்கக் கரைசலால் துடைக்க வேண்டும். உலோகப் பகுதிகளை இறுதியில் நல்ல நீரால் துடைத்து உலர்த்த வேண்டும். குளோரின் கரைசல் எஃகையும் அரிக்கும்.
• பிளீச்சிங் பவுடர் கரைசலையும் ஆசிடையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிப்படும். அடைத்த சிறு அறையில் இது உயிருக்கே ஆபத்தாகும்.
• உப்புப் படிவை நீக்க ஆசிட் ஊற்றுவது டைல்ஸ் இணைப்பையும், தடுப்பின் கால்களையும், திருகாணிகளையும் அரிக்கும்.
• மாதம் ஒருமுறை கீல், தாழ், கால் ஆகியவற்றின் திருகாணிகளை இறுக்க வேண்டும். தளர்ந்த ஒரு திருகாணியை அன்றே இறுக்கினால் கதவு பிழைக்கும்.

பயன்படுத்துமுன் செய்யத்தக்க எளிய சோதனை

உடனிருப்பவர் ஒரு நிமிடத்தில் இவற்றைப் பார்த்துவிடலாம்:

1. தடுப்பை உள்ளங்கையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஆடினால், அதில் சாயக் கூடாது என நோயாளியிடம் கூறுங்கள்.
2. கைப்பிடிக் கம்பியை இழுத்துப் பாருங்கள். எது உறுதியானது என்பதைக் காட்டிக்கொடுங்கள்.
3. தாழை உள்ளேயிருந்து ஒருமுறை இட்டுத் திறந்து பாருங்கள். வெளியிலிருந்து திறக்கும் வழியையும் அறிந்துகொள்ளுங்கள்.
4. கதவு எத்திசையில் திறக்கிறது எனக் கவனியுங்கள்.
5. தரை ஈரமாக இருந்தால் துடைத்த பின்னர் அழைத்துச் செல்லுங்கள்.
6. மேல், கீழ், பக்க இடைவெளிகளையும், ஐயத்திற்குரிய துளைகளையும் பொருள்களையும் நோட்டமிடுங்கள்.

உடனிருப்போருக்கான வழிகாட்டுதல்

• தளர்ந்த நோயாளியைத் தாழிட வேண்டாம் எனக் கூறி, கதவைச் சாத்திவிட்டு வெளியே நில்லுங்கள். ‘நான் வாசலில்தான் நிற்கிறேன்’ எனச் சொல்வது அவரது கூச்சத்தைப் போக்கும்.
• உள்ளே செல்ல நேர்ந்தால் முதலில் அனுமதி கேளுங்கள். உடலைத் துணியால் போர்த்தி, தேவையான அளவே விலக்குங்கள். நோயாளி குழந்தையாயினும் முதியவராயினும் கூச்சம் உண்டு.
• சில நிமிடங்களுக்கு ஒருமுறை குரல் கொடுங்கள். மறுகுரல் இல்லையெனில் தாமதிக்காமல் திறந்து பாருங்கள்.
• எழுமுன் சிறிது நேரம் நிமிர்ந்து அமர்ந்து, கால்களை அசைத்துவிட்டு மெல்ல எழச் சொல்லுங்கள். மயக்கம் வரும் இயல்புள்ள ஆண்கள் அமர்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது.
• மறதிநோய் உள்ளவர் தாழிட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் பதறக்கூடும். அவருடன் செல்லும்போது கதவில் உங்கள் கை இருக்கட்டும்.
• நீண்ட பயணத்திற்கு முன், வழியில் உள்ள நல்ல கழிப்பறைகளைக் கேட்டறிந்து வையுங்கள். மருத்துவர் தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தாலன்றி, தண்ணீர் குடிப்பதைக் குறைக்க வேண்டாம்.

எப்போது உடனடியாக மருத்துவ உதவி நாட வேண்டும்?

• சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலுடன் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்புற வலி இருந்தால்.
• கருவுற்ற காலத்தில் சிறுநீர் எரிச்சல் எவ்வளவு சிறிதாயினும்.
• அடிவயிறு வலித்து வீங்கியும் சிறுநீர் வெளியேறாதிருந்தால்.
• சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம் காணப்பட்டால்.
• கழிப்பறையில் மயங்கினாலோ, விழுந்து தலையிலோ இடுப்பிலோ அடிபட்டாலோ.

விழுந்தவரை அவசரமாக இழுத்துத் தூக்க வேண்டாம். மூச்சையும் நினைவையும் கவனித்து, 108 ஊர்தியை அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

சட்டமும் உரிமையும்

கழிப்பறையில் தனிமை என்பது சலுகையாக வழங்கப்படுவது அன்று. தொழிற்சாலைகளில் ஒவ்வொரு கழிப்பறையும் கூரையுடன், தனிமை காக்கும் வகையில் தடுக்கப்பட்டு, முறையான கதவும் தாழும் பெற்றிருக்க வேண்டும் என்பது 1950ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழிற்சாலை விதிகளிலேயே உள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் பயன்படுத்தும் அரசுக் கட்டடங்களோடு தனியார் கட்டடங்களையும் அணுகத்தக்கவாறு அமைக்கக் கோருகிறது. அரசு மருத்துவமனைகளின் தூய்மையை மதிப்பிடும் காயகல்ப் திட்டம் 2015 முதல் நடைமுறையில் உள்ளது.

தனிமையில் உள்ள பெண்ணை மறைந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். அத்தகைய நிகழ்வு நேர்ந்தால், கருவி எதையேனும் கண்டால் அதனைத் தொடாமல், காவல்துறையை 100 அல்லது 112 எண்ணில் அழைக்கலாம். பெண்கள் உதவிக்கு 181 எண் உள்ளது.

உடைந்த கதவு, தாழில்லாத அறை, பூட்டிவைக்கப்பட்ட மாற்றுத்திறனாளி கழிப்பறை ஆகியவை குறித்து முறையிட:

• அரசு மருத்துவமனையில்: பணியிலுள்ள செவிலியர், நிலைய மருத்துவ அலுவலர் அல்லது கண்காணிப்பாளர்.
• பேருந்து நிலையம், சந்தை, பொதுக் கழிப்பறைகளில்: அந்தந்த மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகம்.
• தீர்வு கிட்டாவிடில்: முதலமைச்சர் உதவி மையம் 1100, அல்லது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்.

முறையீட்டில் இடம், தளம், அறையின் வரிசை, குறை என்ன என்பவற்றைக் குறிப்பிட வேண்டும். ‘கழிப்பறை மோசம்’ என்பதைவிட, ‘பெண்கள் பகுதியில் இரண்டாம் அறையின் தாழ் விழவில்லை’ என்பது விரைவில் சரிசெய்யப்படும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாழ் இல்லாத கழிப்பறையைத் தவிர்க்க முடியாதபோது என்ன செய்யலாம்?
உடனிருப்பவரை வாசலில் நிறுத்துங்கள். தனியாக இருந்தால் அருகில் உள்ள ஒரு பெண்ணிடமோ பணியாளரிடமோ உதவி கேட்கத் தயங்க வேண்டாம். அடக்கிவைப்பதைவிட உதவி கேட்பது நல்லது.

பிறர் பயன்படுத்திய தாழைத் தொடுவதால் நோய் வருமா?
கையில் ஒட்டும் கிருமிகள், கை வாய்க்கோ உணவுக்கோ செல்லும்போதே பெரும்பாலும் நோயை உண்டாக்கும். கழிப்பறையை விட்டு வந்ததும் சோப்பினால் கை கழுவினால் போதுமானது.

கீழே இடைவெளி இருப்பது பாதுகாப்பா, இடரா?
அளவைப் பொறுத்தது. சிறிய இடைவெளி, விழுந்தவரை அறிய உதவும். பெரிய இடைவெளி தனிமையைக் கெடுக்கும். தரைவரை மூடிய அறையெனில், வெளியிலிருந்து திறக்கும் தாழ் கட்டாயம் தேவை.

பழைய கழிப்பறையைக் குறைந்த செலவில் மேம்படுத்த முதலில் எதைச் செய்யலாம்?
தாழையும் கீல்களையும் மாற்றுங்கள். கதவின் பக்கக் கீற்றை மறைப்புப் பட்டையால் மூடுங்கள். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியைப் பதியுங்கள். சுவரை இடிக்காமலேயே இம்மூன்றையும் செய்துவிடலாம்.

குறிப்பு: இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொதுவான விழிப்புணர்வுக்கானவை, மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகா. கட்டுமான அளவுகளை இறுதி செய்யுமுன் நடைமுறையில் உள்ள கட்டட விதிகளைத் தகுதியுள்ள பொறியாளரிடம் கேட்டறிய வேண்டும்.